வானத்தில் ஒரு புள்ளி: கேமரா சென்சாரில் தூசி விழுந்தால்

தனுஷ்கோடியில் எடுத்த படங்களை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கடல், மணல் திட்டு, மேலே பெரிய வானம். வானத்தின் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. பருந்து என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே பருந்து. அதற்கடுத்த படத்திலும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்த படத்தில் பருந்தும் கூடவே திரும்பி வேறு மூலைக்குப் போயிருந்தது.

லென்ஸைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. வேறு லென்ஸ் மாட்டிப் பார்த்தேன், அப்போதும் அங்கேயே நின்றது. அப்படியென்றால் அது லென்ஸில் இல்லை. கேமராவுக்குள்ளே, படத்தைப் பதிவு செய்கிற சென்சாரில் இருக்கிறது. கடற்கரைக் காற்றில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றினால் வேறென்ன நடக்கும்?

லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கேமரா எதுவானாலும் இது என்றாவது ஒரு நாள் வரும். வந்தவுடன் பதறவும் வேண்டாம், உடனே துணியை எடுக்கவும் வேண்டாம். அந்தப் புள்ளி உண்மையில் என்ன என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எப்போது தொட வேண்டும், எப்போது சும்மா விட வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

தூசி அல்ல, தூசியின் நிழல்

ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் உயரம். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் இந்த இடத்துக்குள் நீளவாக்கில் 6000, உயரவாக்கில் 4000 பிக்சல்கள். கணக்குப் போட்டால் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு முடி குறுக்கே விழுந்தாலே பத்துப் பன்னிரண்டு பிக்சல்களை மறைத்துவிடும் என்பதால், கண்ணுக்கே தெரியாத துகள்கூட இங்கே பெரிய ஆள்தான்.

ஆனால் தூசி நேராகப் பிக்சல்கள்மேல் போய் உட்காருவதில்லை. சென்சாருக்கு முன்னால் மெல்லிய கண்ணாடி அடுக்கு ஒன்று இருக்கிறது. அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் வடிகட்டி, பல கேமராக்களில் லோ பாஸ் ஃபில்டர் என்று ஒன்று, எல்லாம் அந்த அடுக்கில்தான். தூசி படிவது இந்தக் கண்ணாடியின் மேல்பரப்பில். அங்கிருந்து பிக்சல்கள் வரை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று சிறு இடைவெளி உண்டு. சென்சாரைத் துடைக்கிறேன் என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கண்ணாடியைத் துடைப்பதைத்தான்.

இந்த இடைவெளிதான் விஷயமே. படத்தில் தெரிவது தூசி இல்லை. அந்தக் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கும் தூசி, கீழே பிக்சல்கள்மேல் போடும் நிழல்.

சின்ன வயதில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கைவிரல்களை மடக்கிச் சுவரில் மானும் நாயும் காட்டியிருப்போம். கரண்ட் வந்து டியூப்லைட் எரிந்ததும் அதே கையை அதே இடத்தில் காட்டினால் மானும் இல்லை நாயும் இல்லை, மங்கலாக ஏதோ ஒரு கறை. கை மாறவில்லை, சுவர் மாறவில்லை. மெழுகுவர்த்தியின் சுடர் சின்னது. ஒரே புள்ளியிலிருந்து வெளிச்சம் வருவதால் நிழலின் ஓரம் கூர்மையாக விழுகிறது. டியூப்லைட் நான்கு அடி நீளம். கையின் ஒரு பக்கம் மறைத்த வெளிச்சத்தை இன்னொரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் நிரப்பிவிடுகிறது.

கேமராவில் இந்த விளக்கின் இடத்தில் இருப்பது லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2 வைத்தால் அந்தத் துளை 25 மில்லிமீட்டர் அகலம். எஃப்/22 வைத்தால் இரண்டேகால் மில்லிமீட்டர்தான். முன்னது டியூப்லைட், பின்னது மெழுகுவர்த்தி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கண்ணாடி மேல்பரப்புக்கும் பிக்சலுக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர், தூசியின் அகலம் 50 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிழலின் ஓரம் எவ்வளவு கலங்கும் என்பதற்கு இடைவெளியை எஃப் எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய விடை வந்துவிடும். எஃப்/2.8-ல் அது 500 மைக்ரானைத் தாண்டுகிறது. 50 மைக்ரான் தூசி மறைத்த வெளிச்சம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் அகலமான வட்டத்தில் பரவிப்போகிறது. அந்த இடத்தில் வெளிச்சம் ஒரு சதவீதம்கூடக் குறையாது. யார் கண்ணுக்கும் தெரியாது. அதே தூசி எஃப்/22-ல்? கலங்கல் 70 மைக்ரானுக்குள் அடங்கிவிடும், நிழலின் நடுவில் வெளிச்சம் பாதியாகிவிடும். என் பருந்து பிறந்தது இப்படித்தான். அன்றைக்குக் கடலும் மணலும் எல்லாமே தெளிவாக வர வேண்டும் என்று எஃப்/16-ல் வைத்து எடுத்தேன்.

இதனால்தான் ஒரே கேமராவை வைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்தில் எஃப்/2.8-ல் வருஷக்கணக்காக எடுப்பவருக்கு ஒரு புள்ளியும் தெரிவதில்லை. அவரே ஊட்டிக்குப் போய்ப் பள்ளத்தாக்கை எஃப்/16-ல் எடுத்தால் வானம் முழுக்க அம்மைத் தழும்பு. கேமரா திடீரென்று கெட்டுவிடவில்லை. தூசி முன்பும் இருந்தது, நிழல்தான் இப்போது விழுந்தது. என் சென்சாரில் தூசியே கிடையாது என்று யாராவது பெருமையடித்தால் எந்த எஃப் எண்ணில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

லென்ஸின் முன்கண்ணாடியில் இருக்கும் தூசி ஏன் இப்படித் தெரிவதில்லை என்பதும் இதே கதைதான். அது சென்சாருக்கு வெகு தூரத்தில், குவியத்துக்கு முற்றிலும் வெளியே இருக்கிறது. அதன் நிழல் படம் முழுக்கக் கரைந்துபோகும். லென்ஸை நாளுக்கு நாலு தடவை துடைக்கிற பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். உள்ளே மிரர் வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில் கண் வைக்கும்போது புள்ளி தெரிந்து, படத்தில் அது வரவில்லை என்றால் தூசி சென்சாரில் இல்லை. மேலே இருக்கும் ஃபோகசிங் ஸ்க்ரீனில் இருக்கிறது. படத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அந்த ஸ்க்ரீனும் அதன் கீழே இருக்கும் மிரரும் லேசில் கீறல் விழக்கூடியவை. எரிச்சலாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

முதலில் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்

தூசி இருக்கிறதா, எங்கே, எவ்வளவு என்று பார்க்காமல் எதையும் கையில் எடுக்கக் கூடாது. சோதனை சுலபம். கேமராவை அப்பர்ச்சர் பிரயாரிட்டி மோடில் வையுங்கள்; எஃப் எண்ணை நாம் வைத்தால் ஷட்டர் நேரத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். எஃப்/22, ஐஎஸ்ஓ 100. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, எதிரே உள்ளது தெளிவில்லாமல் கலங்கித் தெரிகிற மாதிரி திருப்பிவிடுங்கள். மேகமில்லாத வானம் இருந்தால் உத்தமம். இல்லையென்றால் வெள்ளைச் சுவரோ, வெள்ளைப் பக்கம் திறந்து வைத்த லேப்டாப் திரையோ போதும். பளிச்சென்று வர எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் சுவரையோ திரையையோ எடுத்தால் ஷட்டர் ஒரு வினாடி, இரண்டு வினாடிகூடத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் கேமராவை அசையாமல் பிடிக்காதீர்கள்; வேண்டுமென்றே மெதுவாக ஆட்டுங்கள். சுவரில் இருக்கும் ஆணி ஓட்டை, சுண்ணாம்பு உரிந்த இடம் எல்லாம் இழுபட்டுக் கலைந்துவிடும். கேமராவோடு சேர்ந்தே ஆடுவதால் சென்சார் தூசி மட்டும் கலையாமல் நிற்கும். எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்தது இந்த ஆட்டம்தான்.

படத்தைக் கேமராத் திரையில் பார்த்துத் திருப்திப்படாமல் கம்ப்யூட்டரில் போட்டு நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கான்ட்ராஸ்டைத் தாராளமாகக் கூட்டுங்கள். லைட்ரூம் என்கிற எடிட்டிங் மென்பொருளில், புள்ளியை அழிக்கும் ஹீலிங் கருவியை எடுத்தால் விஷுவலைஸ் ஸ்பாட்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது; அது கறுப்பு வெள்ளையில் புள்ளிகளைத் தனியாகக் காட்டிக்கொடுக்கும். முதல் தடவை பார்க்கும்போது பகீரென்று இருக்கும். பயப்பட வேண்டாம், எஃப்/22-ல் இப்படிக் கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பார்த்தால் அனேகமாக எல்லாக் கேமராவிலும் ஏதாவது தெரியும். எஃப்/11-ல் இன்னொரு படம் எடுங்கள். அதிலும் கண்ணை உறுத்துகிற புள்ளிகள்தான் உங்கள் கவலை. மற்றவற்றோடு குடித்தனம் நடத்தலாம்.

புள்ளியின் வடிவத்தையும் கொஞ்சம் பாருங்கள். நூல் மாதிரி வளைந்திருந்தால் துணி இழை, ஊதினால் போய்விட வாய்ப்பு அதிகம். ஒழுங்கற்ற கறுப்புத் துணுக்கு என்றால் தூசியோ மணலோ. வட்டமாக, ஓரம் கறுத்து நடுவில் வெளிறி இருந்தால் பெரும்பாலும் எண்ணெய்த் துளி அல்லது தண்ணீர்த் துளி காய்ந்த தடம். இது ஊதிப் போகாது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஷட்டரும் மிரரும் வேகமாக அசையும் இயந்திரப் பாகங்கள்; புதுக் கேமராவில் அவற்றிலிருந்து மசகு எண்ணெய் தெறிப்பது உண்டு. 2012-ல் வந்த நிக்கான் டி600 இதற்குப் பெயர்போனது. படத்தில் புள்ளிகள் வருகின்றன என்று புகார்கள் குவிந்து, 2014-ல் உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் சுத்தம் செய்து ஷட்டரையும் இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனமே அறிவித்தது. அதனால் வாங்கிச் சில மாதமே ஆன கேமராவில் வட்டப் புள்ளிகள் திரும்பத் திரும்ப வந்தால் நீங்கள் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். சர்வீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அப்புறம், புள்ளி சென்சாரில் எந்தப் பக்கம் இருக்கிறது? லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக்கித்தான் சென்சாரில் போடுகிறது. மேல் கீழாகும், இடம் வலமாகும். ஆனால் சுத்தம் செய்ய உட்காரும்போது நாம் கேமராவுக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறோம். அதில் இடம் வலம் மறுபடி ஒரு தடவை மாறிப் பழையபடி ஆகிவிடுகிறது. சுருக்கமாக, லென்ஸ் மாட்டும் வாய் உங்களைப் பார்க்க, கேமரா நிமிர்ந்து நிற்கும்போது, படத்தில் மேலே வலது பக்கம் தெரிந்த புள்ளி சென்சாரில் கீழே வலது பக்கம் இருக்கும். மேல் கீழ் மட்டும்தான் மாற்றம்.

ஊதுவது

முதல் வேலையைக் கேமராவிடமே விடுங்கள். 2003-ல் வந்த ஒலிம்பஸ் இ-1, சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியை மீயொலி அதிர்வெண்ணில் அதிர வைத்துத் தூசியை உதிர்க்கும் வசதியோடு வந்தது. 2006-ல் கேனான் 400டி-யிலும் அந்த மாதிரி ஏற்பாடு வந்தது. இன்று பெரும்பாலான கேமராக்களின் மெனுவில் சென்சார் க்ளீனிங் என்று அது இருக்கிறது. கேமராவை மேஜையில் நிமிர்த்தி வைத்துவிட்டு நாலைந்து தடவை ஓட விடுங்கள். உலர்ந்த, லேசான தூசி இதிலேயே விழுந்துவிடும். ஒட்டிக்கொண்டது விழாது.

அடுத்தது ப்ளோயர். கைக்கு அடங்குகிற ரப்பர் பந்து, ஒரு பக்கம் நீண்ட மூக்கு. பின்பக்கத்தில் தனி வால்வு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்; காற்றை அது பின்னாலிருந்து இழுத்து முன்னால் விடும். வால்வு இல்லாதது மூக்கு வழியே உறிஞ்சிய தூசியையே திரும்பச் சென்சாரில் துப்பும்.

செய்கிற இடம் முக்கியம். மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாம் பஞ்சும் இழையும் பறக்கவிடும் சமாச்சாரங்கள், அதனால் படுக்கையறை வேண்டாம். தரையை ஈரத் துணியால் துடைத்த ஓர் அறையில், சீலிங் ஃபேனை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஃபேன் இறக்கையின் மேல் எவ்வளவு தூசி இருக்கும் என்று ஒரு பொங்கலுக்காவது ஏணி போட்டுத் துடைத்தவர்களுக்குத் தெரியும். தோளில் துண்டு கிடந்தால் கழற்றி வையுங்கள். ஃபேன் இல்லாமல் வியர்க்கும், நெற்றி வியர்வை நேராகச் சென்சாரில் சொட்டினால் அதைவிடக் கேவலம் இல்லை. அதனால் நான் விடியற்காலையில்தான் இந்த வேலையை வைத்துக்கொள்வேன்.

பேட்டரி முழுசாக சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் மிரரும் ஷட்டரும் மூடிக்கொண்டு நிற்கும். மெனுவில் போய்த் திறக்கச் சொல்ல வேண்டும். நிக்கானில் லாக் மிரர் அப் ஃபார் க்ளீனிங், கேனானில் க்ளீன் மேனுவலி. நடுவில் சார்ஜ் தீர்ந்தால் மிரர் படாரென்று இறங்கிவிடும். பல்ப் மோடில் ஷட்டரைத் திறந்து வைத்துச் செய்யலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். விரல் பட்டனை விட்டால் ஷட்டர் உங்கள் கருவிமேலேயே மூடும். மிரரே இல்லாத மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதுமே பெரும்பாலும் சென்சார் கண்முன்னால் இருக்கும். கேனான் ஆர் போன்ற சிலவற்றில் கேமராவை அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். மறைப்பது நல்லதுதான், ஆனால் அந்த ஷட்டர் இலைகள் தாள் மாதிரி. அவற்றின்மேல் ஊதக் கூடாது, மெனு வழியாகத் திறந்துகொண்டு அப்புறம் ஊதுங்கள்.

ப்ளோயரை முதலில் வெற்றுக் காற்றில் ஏழெட்டுத் தடவை அழுத்துங்கள், உள்ளே இருப்பது வெளியே போகட்டும். லென்ஸ் வாய் தரையைப் பார்க்கும்படி கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கீழிருந்து மேல்நோக்கி ஊதுங்கள். கிளம்பிய தூசி தானாகக் கீழே விழ வேண்டும் அல்லவா? மூக்கு கேமராவின் வாய்க்கு வெளியிலேயே நிற்கட்டும். மிரர்லெஸ் கேமராவில் சென்சார் மிக அருகில் இருக்கிறது. நிக்கான் இசட் வகையில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரை வெறும் 16 மில்லிமீட்டர். பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆரில் அது 46.5. கை கொஞ்சம் தவறினால் மூக்கு போய் இடித்துவிடும்.

பத்துப் பதினைந்து ஊதல் போதும். லென்ஸை மாட்டி, மறுபடி சோதனைப் படம். பெரும்பாலானோரின் கதை இங்கேயே முடிந்துவிடும்.

வாயால் ஊதுவதைப் பற்றி ஒரு வார்த்தை. செய்திருக்கிறேன். முதல் கேமரா வாங்கின புதிதில், ப்ளோயர் வாங்கச் சோம்பல்பட்டு, உஃப் என்று ஒரே ஒரு ஊது. ஒரு தூசி போனது உண்மை. பதிலுக்குக் கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளிகள் ஏழெட்டு வந்து உட்கார்ந்தன. அவை காய்ந்த தடம் எந்த ப்ளோயருக்கும் அசையவில்லை. சும்மா இருந்த சென்சாரை ஈரமாகத் துடைக்கும் வேலையை நானே எனக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன்.

டப்பாவில் அடைத்த காற்றும் வேண்டாம். சாய்த்து அழுத்தினால் உள்ளே இருக்கும் திரவமே தெறித்துப் படலமாகப் படியும். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சிபியூ டப்பாவுக்குள் ஊதுகிற எலக்ட்ரிக் ப்ளோயரின் வேகம் ஷட்டருக்குத் தாங்காது. அன்பாகத்தான் கூப்பிடுவார்கள், கேமராவைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஈரமாகத் துடைப்பது

ஊதியும் போகாதது ஒட்டிக்கொண்டது. மகரந்தம், எண்ணெய், கடலோர ஈரக்காற்றில் ஊறி இறுகின தூசி எல்லாம் இந்த ரகம். இதற்கு ஸ்வாபும் திரவமும் வேண்டும். ஸ்வாப் என்பது தட்டையான பிளாஸ்டிக் கரண்டி மாதிரி, நுனியில் இழை உதிராத துணி சுற்றி, தூசியில்லாத உறையில் ஒவ்வொன்றாக அடைத்து வரும். சென்சாரின் உயரத்துக்கு ஏற்ற அகலத்தில் வாங்க வேண்டும்: ஃபுல் ஃபிரேமுக்கு 24 மில்லிமீட்டர், அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சாருக்கு 16. ஒரே இழுப்பில் மேலிருந்து கீழ் வரை மொத்தமும் துடைபட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

திரவமும் சென்சாருக்கென்று விற்பதாகவே இருக்கட்டும். சிலவற்றில் மெத்தனால் இருக்கும், கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் அடிபடும் அதே மெத்தனால்தான். குழந்தைகள் கைக்கும் அடுப்புக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஆல்கஹால்தானே என்று ஹேண்ட் சானிடைசரை எடுப்பவர்கள் உண்டு. கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள், அது சென்சாரில் பிசுக்காகப் படிந்துவிடும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, காது குடையும் பட்ஸ், பழைய பனியன் துணி எதுவும் வேண்டாம்.

இப்போது செய்முறை. சென்சாரைத் திறந்து வைத்துக்கொண்டு, முதலில் மறுபடி நன்றாக ஊதுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. கண்ணாடிமேல் ஒரு மணல் துகள் இருக்கும்போது ஸ்வாபை இழுத்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும். கீறல் விழுவது துடைப்பதால் இல்லை, துடைக்கும்போது இழுபடுகிற மணலால்.

ஸ்வாபின் நுனியில் இரண்டு சொட்டுத் திரவம். மூன்றாவது வேண்டாம். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் கண்ணாடியின் ஓரத்து இடுக்கில் இறங்கிவிடும், அதை எடுக்க வழியே இல்லை. சில வினாடி ஊறவிட்டு, ஸ்வாபை லேசாகச் சாய்த்து சென்சாரின் இடது ஓரத்தில் வையுங்கள். நிறுத்தாமல், ஒரே சீராக வலது ஓரம் வரை இழுங்கள். அழுத்தம் எவ்வளவு? நீர் தொட்டு விபூதி பூசும்போது விரல் நெற்றியில் படுகிற அளவு. ஓரம் வந்ததும் சாய்வை மறுபக்கம் மாற்றி, துணியின் இன்னொரு முகத்தால் வந்த வழியே திரும்புங்கள். அவ்வளவுதான், அந்த ஸ்வாப் குப்பைக்குப் போகட்டும். கையில் மிச்சம் இருக்கிறதே என்று இன்னொரு இழுப்பு இழுக்கத்தான் தோன்றும். இழுத்தால், எடுத்த அழுக்கை மறுபடி பூசுவீர்கள்.

சில கேமராக்களில் கை நடுக்கத்தைச் சரிசெய்ய சென்சாரே அசையும் ஏற்பாடு உண்டு. துடைக்கும்போது சென்சார் லேசாக நகர்வதைப் பார்த்து உயிர் போய் உயிர் வரும். கேமராவோடு வந்த கையேட்டில் அந்த மாடலுக்குச் சொல்லியிருக்கும் முறையைப் பாருங்கள்; அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்குகிறது, மனசு ஒப்பவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குக் கொடுப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பெரிய கீறல், பூஞ்சை மாதிரி கிளைவிட்ட கறை என்றால் எப்படியும் அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

முதல் துடைப்புக்குப் பிறகு சோதனைப் படம் எடுத்தால் நடுவில் சுத்தமாகவும் ஓரங்களில் புதிதாக இரண்டு மூன்று புள்ளிகளும் தெரியும். ஸ்வாப் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விட்டவை அவை. இன்னொரு புது ஸ்வாப், இன்னொரு தடவை. மூன்றுக்கு மேல் நான் போவதில்லை.

எங்கிருந்து வருகிறது?

லென்ஸ் மாற்றும்போது என்பது எல்லோருக்கும் தெரியும். கேமராவை அணைத்து, வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, மாட்டப்போகிற லென்ஸைக் கையருகே தயாராக வைத்துக்கொண்டு சட்டென்று மாற்ற வேண்டும். காற்றடித்தால் முதுகைக் காற்றுக்குக் காட்டி நில்லுங்கள். பலர் யோசிக்காத இடம் லென்ஸின் பின்மூடி. கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுகிறோம். அங்கே பஸ் டிக்கெட்டும் பாக்குத் தூளும் இருக்கும். அதே மூடியைத் திரும்ப லென்ஸில் மாட்டுகிறோம், லென்ஸின் பின்பக்கத்தில் தூசி ஒட்டுகிறது, லென்ஸைக் கேமராவில் மாட்டுகிறோம், தூசி நேராக வீட்டுக்குள் குடிவந்துவிடுகிறது. மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து வையுங்கள். பையின் உள்பக்கத்தையும் அவ்வப்போது உதறுங்கள்.

ஒன்றிரண்டு படத்தில் மட்டும் புள்ளி இருந்தால் அதற்காகக் கேமராவைத் திறக்க வேண்டியதே இல்லை, ஹீலிங் பிரஷ்ஷில் இரண்டு க்ளிக். புள்ளி தெரிகிற படங்களிலெல்லாம் அது ஒரே இடத்தில் இருப்பதால் ஒரு படத்தில் சரிசெய்துவிட்டு மற்றவற்றுக்கு அப்படியே ஒட்டிவிடலாம். வீடியோ எடுப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. கேமரா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திரும்பும்போது புள்ளி மட்டும் நகராமல் திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு ஃபிரேமாக எடுப்பது பெரிய தலைவலி. வெயிலில் எடுப்பவர்கள் எஃப்/16 போகாமல் இருக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டிக்கொள்வது இந்த வகையிலும் உதவும்.

என் தனுஷ்கோடிப் பருந்து ஊதியதற்கெல்லாம் அசையவில்லை. கடல்காற்றின் உப்பீரத்தில் ஒட்டியிருந்தது போல. இரண்டாவது ஸ்வாபில் போனது. ஆனால் கீழ் இடது மூலையில் புதிதாக ஒரு சின்னப் புள்ளி வந்திருந்தது. எஃப்/22-ல் நன்றாகத் தெரிந்தது. எஃப்/11-ல் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூன்றாவது ஸ்வாபின் உறையைப் பிரிக்காமல் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, ஃபேனைப் போட்டேன்.